சின்னக் கார் மக்கர் செய்யும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10, டியாகோ என நம் தெருக்களில் ஓடும் 800 முதல் 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்த வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, தள்ளிப்போட்ட ஏதோ ஒரு சின்ன வேலையில்தான் தொடங்குகிறது. அதனால் எந்த அறிகுறிக்கும் இங்கே ஒரே வரிசை: காசு செலவாகாத சோதனை முதலில், துடைத்தோ இறுக்கியோ சரியாவது அடுத்து, பாகம் மாற்றுவது கடைசியில். கையில் இருக்க வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், டயர் பிரஷர் பார்க்கும் கேஜ், டார்ச், எஞ்சின் கணினியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்க போனுடன் இணையும் ஓபிடி ரீடர். நான்கும் சேர்ந்தாலும், தேவையில்லாமல் மாற்றிய ஒரு பாகத்தின் விலை வராது.

ஓடும்போது சிவப்பு விளக்கு

மஞ்சள் விளக்கு மின்னாமல் எரிந்தால் வீடுவரை போகலாம். சிவப்பு என்றால் ஓரங்கட்ட வேண்டும்.

ஆயில் கேன் போன்ற விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்கிறது. சமதரையில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு மொத்தமே சுமார் 2.7 முதல் 3.6 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். பெரிய காரில் ஒரு லிட்டர் குறைந்தால் தாங்கும். இங்கே அது மூன்றில் ஒரு பங்கு. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு, கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரைக்க வைத்துவிடும். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் பழுதாக இருக்கலாம், ஆயில் பம்பாகவும் இருக்கலாம். எது என்று தெரியும்வரை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

ஆயில் குறைந்திருந்தால் எங்கே போனது என்று பாருங்கள். சைலன்சரில் நீலப்புகை வந்தால் உள்ளே எரிகிறது. எஞ்சின் மேல்மூடியின் ஓரம் ஈரமாக இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட். கடைசி சர்வீஸுக்குப் பிறகே சொட்டத் தொடங்கியது என்றால் டிரெயின் போல்ட் வாஷர். அந்தச் சின்ன வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புதிதாகப் போட வேண்டும், பல இடங்களில் பழையதையே திருப்பிப் போடுகிறார்கள்.

பேட்டரி விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் போனட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல எஞ்சின்களில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரி தீரும் முன்பே எஞ்சின் கொதித்துவிடும். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பெல்ட் நன்றாக இருந்தால் விளக்கு, மியூசிக், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடலாம்.

வெப்ப விளக்கு எரிகிறது

இந்த வகைக் கார்கள் பலவற்றில் வெப்ப முள் கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீலம், கொதிக்கும்போது சிவப்பு, இடையில் ஒன்றும் இல்லை. சிவப்பு வந்துவிட்டால் கொதி ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். ஏசியை அணையுங்கள், ஹீட்டரையும் புளோயரையும் முழுக்கத் திருப்புங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே எடுத்துவிடும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடக் கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் நீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

ஆறியபின் கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிவு: ஹோஸ் பைப்பின் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், வாட்டர் பம்புக்குக் கீழே காய்ந்த கூலன்ட் தடம். அளவு சரியாக இருந்தால் ஃபேன் பக்கம் வாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு அதே பெட்டியில் உள்ள வேறொரு ஒத்த ரிலேவை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பிறகுதான் ஃபேன் மோட்டார். டிராஃபிக்கில் மட்டும் சூடேறி ஹைவேயில் சரியாகிறது என்றால் பெரும்பாலும் ஃபேன்தான். ஹைவேயில் சூடேறுகிறது என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? போர்வெல் தண்ணீர். அதையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி, குளியலறைக் குழாயில் படியும் அதே உப்பு உள்ளே படிந்துவிடுகிறது, துரு வேறு. வழியில் வேறு கதியில்லாமல் தண்ணீர் ஊற்றினால் தவறில்லை, அந்த வாரமே அதை இறக்கிவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருக்கும் கேனில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கும், மேலும் கலக்க வேண்டாம். பச்சை, நீலம், சிவப்பு என்பது வெறும் சாயம். இரண்டு பிராண்டும் பச்சை என்பதால் ஒன்றோடு ஒன்று சேரும் என்று நம்ப முடியாது.

கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, வெளியே சொட்டே இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கூலன்ட்டில் குமிழிகள் வருகின்றன: இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஈரம் அப்படித் தங்கும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமே பாதி விடை. ‘டக்’ என்று ஒருமுறை, அல்லது ‘டகடக’வென்று வேகமாக அடித்துக்கொண்டால் மின்சாரம் போதவில்லை. மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனையில் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் ஆனபிறகு 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள சில புது மாடல்களில் மட்டும் இந்த எண் ஓட்டத்தில் ஏறி இறங்கும்.

வோல்ட் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, மாட்டியபின் மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். புது பேட்டரிக்கு விலை கேட்பதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். நம் வெயிலில் பேட்டரி மூன்று நான்கு ஆண்டுதான் தாங்கும் என்பதும் உண்மை; மேலே பஞ்ச் செய்த தேதியைப் பாருங்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டால்: சிவப்பு முதலில் இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை இறந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரிமேல் மாட்டாததற்குக் காரணம், அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. சாவியை ஆன் நிலையில் வைத்துக் காதைத் தீட்டுங்கள்: பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பலமுறை அடித்து பெட்ரோல் வாடை வந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் கொடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர் மூடிக்கொண்டு உள்ளே தேங்கியது வெளியேறும்.

பங்க்கில் டேங்க்கை நிரப்பியவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டிகள் உண்டு. பிளக்கை மாற்றிப் பயனில்லை. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டியின் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பதே வழக்கமான காரணம். பங்க் நாசில் தானாக நின்றபின்னும் ‘ரவுண்டு பண்ணிடுங்க’ என்று வாய்வரை ஊற்றுவதே அந்தப் பெட்டியைக் கெடுக்கிறது.

நான்கு நாள் நிறுத்திவைத்த வண்டி என்றால் எலியையும் மறக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சருகு, எஞ்சின் மேல் புழுக்கை, கடித்த வயர். வயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த மழைவரை தாங்கும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் வாடை இருக்கும்வரைதான். சீட்டுக்கடியில் சிந்திய முறுக்கைக் கூட்டியெடுப்பது அவற்றைவிடப் பலன் தரும்.

பிரேக்

மழையில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மிதியில் ‘கரகர’ என்றால் டிஸ்க்கின் மெல்லிய துரு, தானே போய்விடும். மிதிக்கும்போதெல்லாம் ‘கீச்’ என்றால் பேட்டின் தகடு டிஸ்க்கைத் தொட்டு எச்சரிக்கிறது. புது பேட் ஏறக்குறைய 9, 10 மி.மீ.; 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்தாலே பெரும்பாலும் தெரியும். ‘கரக்’கென்று இரும்போடு இரும்பு உரசினால் பேட்டோடு டிஸ்க்கும் போகிறது, அன்றே நிறுத்துங்கள்.

பிரேக் ஆயில் டேங்க்கில் அளவு மெல்ல இறங்குவது பேட் தேய்வதைக் காட்டுகிறது. அதை டாப்-அப் செய்துவிட்டால் அந்த அறிகுறி மறைந்துபோகும். பிறகு புது பேட் போடும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். திடீரென்று இறங்கினால் கசிவு: நான்கு சக்கரத்தின் உட்புறமும் பாருங்கள்.

மிதி பஞ்சுபோல் இறங்கினால் பைப்பில் காற்று, அல்லது பழைய பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடுகிறது. கொல்லிமலையோ ஏற்காடோ இறங்கும்போது பாதிவழியில் மிதி ஆழமாகப் போவதற்கு இதுதான் காரணம். இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் துடித்தால் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் காலிப்பர் பின் காய்ந்து பேட் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்து அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் போட்டால் போதும், காலிப்பரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

ஸ்டீயரிங் ஆட்டமும் கீழ்ச் சத்தமும்

80-ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கி 100-க்கு மேல் குறைந்தால் வீல் பேலன்சிங். எந்த வேகத்திலும் ஆடினால் டயரில் புடைப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், உட்பக்கமும். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று. காலையில் ஓட்டுவதற்கு முன், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உள்ள எண்படி. பங்க்கில் சூடான டயரில் பிடித்த 32 நிஜத்தில் 32 அல்ல. காற்று சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், திசை குறித்த டயர்களைத் தவிர. இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில், மாறாவிட்டால்தான் அலைன்மென்ட்.

தேய்மானமே பேசும். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். பள்ளம் 1.6 மி.மீ.க்கு வந்தால் டயர் முடிந்தது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நன்றாகத் தெரியும் ஸ்டெப்னிதான் பெரும்பாலும் வண்டியிலேயே வயதான டயர்.

ஸ்பீட் பிரேக்கரில் ‘கடகட’ என்றால் லிங்க் ராடும் புஷ்ஷும், மலிவு. ‘தொம்’ என்று ஒற்றை அடியாக விழுந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது அதன் மேல் மவுன்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக்டக்டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும், ரப்பர் பூட் கிழிந்திருக்கும். பூட் கிழிந்தவுடன் பிடித்தால் பூட்டோடு போகும். மண் புகுந்து சத்தம் வந்தபின் ஜாயின்ட்டே போகும். வேகம் கூடக்கூட ‘ஊ’வென்று ஏறும் சத்தம் வீல் பேரிங், இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரம், ஏனெனில் எடை அங்கே சாய்கிறது.

மைலேஜ் குறைந்தது, இழுவை இல்லை

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், டேங்க்கை நாசில் நிற்கும்வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் சில சதவீத இழப்பு எரிபொருளாலேயே வரும். அதற்கு மேல் குறைந்தால் வண்டியில் தேடுங்கள்: டயர் காற்று, விடாமல் பிடிக்கும் பிரேக், ஏர் ஃபில்டர், பிளக், இந்த வரிசையில்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓபிடி ரீடரில் கோளாறு எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அழிப்பது பிறகு. மின்னி மின்னி எரிந்தால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, அது உருகினால் செலவு பெரியது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் அடிக்கவில்லை. பிளக்குக்கு மின்பொறி தரும் காயில்களில் முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, அந்த எண்ணை அழித்து ஓட்டுங்கள். எண் பி0302 ஆனால் காயில் போய்விட்டது. அப்படியே இருந்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பேனரே போதும். காயில் செட் முழுவதையும் மாற்ற வேண்டிய தேவை அரிது.

சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டதும் அதிர்கிறது என்றால் த்ராட்டில் பாடியில் கரி, அல்லது எஞ்சின் மவுன்ட் கிழிசல். ஆல்டோ கே10, டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இயல்பாகவே கொஞ்சம் நடுங்கும். புதிதாகக் கூடிய அதிர்வுக்கு மட்டும் காரணம் தேடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் அதன் ஆயுளைப் பாதியாக்கும்.

ஏசி

குளிர் குறைந்ததும் ‘கேஸ் போயிடுச்சு’ என்பார்கள். ஏசி மூடிய அமைப்பு. கசியாமல் கேஸ் குறையாது. ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறீர்கள் என்றால் ஆண்டுதோறும் கசிவை விட்டுவைக்கிறீர்கள். முதலில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். காற்றே வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் தூசி, பூச்சி: குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிர் போனால் ஃபேன். இவை எல்லாம் சரியென்றால்தான் கேஸ்: நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, வேக்குவம் இழுத்து, போனட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்ப வேண்டும். சின்னக் காருக்கு அது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடினாலும் குளிராது.

வண்டிக்கு அடியில் சொட்டும் நீர் நல்லது. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றால் டிரெயின் குழாய் அடைப்பு.

வெள்ளத்தில் நின்ற வண்டி

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் பல எஞ்சின்கள் போனது தண்ணீர் புகுந்ததால் மட்டுமல்ல, அதன்பிறகு சாவியைத் திருப்பியதாலும்தான். சிலிண்டரில் நீர் இருந்தால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சப்வேயில் நின்றுபோனால் சாவியைத் தொடாமல் தள்ளி வெளியே கொண்டுவந்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, ஏர் ஃபில்டர் ஈரமா என்று பாருங்கள். ஈரம் என்றால் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றியபின்தான் செல்ஃப். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இப்படி வளைந்த எஞ்சினுக்குப் பொதுவாகக் காசு தராது. அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற தனி இணைப்பு வேண்டும்.

எதை எப்போது

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. தினம் மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆறு மாதமே நல்லது. ஆயில் சூடேறி ஈரத்தை விரட்ட நேரம் கிடைப்பதில்லை. கிரேடு மேனுவலில் உள்ளதுதான். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினுக்கு ‘கெட்டியா இருந்தா நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றக் கூடாது. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் திறந்து பார்த்து, செம்மண் சாலையில் ஓடினால் முன்கூட்டியே மாற்றுங்கள். டயர் சுழற்சியும் அலைன்மென்ட்டும் 10,000. சாதாரண நிக்கல் பிளக் 40,000 அளவில். இரிடியம் இன்னும் நீளும். பழைய ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ போன்றவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுவதற்கு முன் எந்தச் சத்தமும் கொடுக்காமலும் போகலாம். செகண்ட்ஹேண்டாக வாங்கி, மாற்றிய பில் கையில் இல்லை என்றால் டென்ஷனரோடு சேர்த்து உடனே மாற்றிவிடுங்கள்.